ஆறு ஞாயிறுகளும் செப்புத் திருமேனிகளும்

ப்ரஹ்மோத்ஸவ காலத்தில் திருவீதியில் எழுந்தருளும் பெருமாளை ஸேவிப்பவர்களின் கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு? திருமுகமண்டலம் தெரிகிறது. சங்க சக்ரங்களும் அபயஹஸ்தமும் தெரிகின்றன. மாலைகளும் பட்டும் சற்றே விலகும் இடத்தில் திருவடிகள் தெரிகின்றன. மற்றவை யாவும் சாற்றுப்படியில் மறைந்துவிடுகின்றன. திருமஞ்சனத்தின்போது மட்டும் திருமேனியின் வடிவத்தைச் சற்று அதிகமாக ஸேவிக்கும் பேறு வாய்க்கிறது; அப்போதும் ஈர வஸ்திரம் ஒன்று உண்டு. ஆயினும் கண்ணுக்குத் தெரிந்த இச்சிறு அளவைக் கொண்டே பெருமாளை முழுமையாக ஸேவித்த நிறைவோடு அன்பர்கள் வீடு திரும்புகின்றனர்.

இதே வகையைச் சேர்ந்த செப்புத் திருமேனிகள் பல, உலகின் பெருநகரங்களில் உள்ள அருங்காட்சியகங்களில், பட்டும் மாலையுமின்றிக் கண்ணாடிப் பேழைகளுக்குள் நிற்கின்றன. அவற்றைக் காண வரும் மக்களுக்காகக் கலை வரலாற்று அறிஞர்கள் சொற்பொழிவுகளும் நிகழ்த்துகின்றனர். ஆராதனம் இல்லாத இடத்தில் விக்ரஹத்தைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று ஆஸ்திகர்கள் கேட்பது இயல்பே. அக்கேள்வியை ஒதுக்கிவிடாமல், 2016ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தலைநகரான வாஷிங்டனில் நிகழ்ந்த ஒரு சொற்பொழிவு வரிசையை எடுத்துக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடம் 1941ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆண்ட்ரூ மெல்லன் என்னும் பெருஞ்செல்வர் தாம் சேர்த்த சித்திரங்களையும் கட்டடத்துக்கான பொருளையும் நாட்டுக்கு அளித்து அதனைத் தோற்றுவித்தார். திறப்பு விழாவைக் காணாமலே 1937இல் காலமானார். அவருடைய மகனும் மகளும் நிறுவிய அறக்கட்டளைகளின் உதவியால் 1949இல் அவர் பெயரால் ஒரு சொற்பொழிவு நிதி ஏற்பட்டது. 1952இல் ஜாக் மரித்தேன் என்னும் ப்ரெஞ்சு தத்துவ அறிஞர் முதல் வரிசையை நிகழ்த்தினார். அன்று முதல் ஆண்டுதோறும் ஓர் அறிஞர் அழைக்கப்பெற்று, பெரும்பாலும் ஆறு சொற்பொழிவுகளாக ஒரே பொருளை விரித்துரைப்பது வழக்கமாயிற்று. கட்டணம் கிடையாது. மாணவர், அலுவலர், ஓய்வுபெற்றோர், ஊர் பார்க்க வந்தவர் என யாரும் சென்று அமரலாம்.

நம் ஊர் உபந்யாஸ முறையை அறிந்தவர்களுக்கு இச்சொற்பொழிவின் முறை புதிதாகத் தோன்றாது. உபந்யாஸகர் ஒரு ச்லோகத்தைச் சொல்லி, பதம் பிரித்து, முன்னோர் வ்யாக்யானத்தைக் காட்டி, பின் தம் கருத்தை உரைக்கிறார். அங்கே ச்லோகத்தின் இடத்தில் ஒரு படம் இருக்கிறது. இருண்ட மண்டபத்தில் திரைமேல் ஒரு விக்ரஹத்தின் படம் எழுகிறது. அதன் அருகே வேறொரு விக்ரஹத்தின் படம் வருகிறது. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைச் சுட்டி, காலமும் இடமும் கர்த்தாவும் ஆராயப்படுகின்றன. கேட்பவர் கண்ணாலும் கேட்க வேண்டும் என்பதே வேறுபாடு.

இவ்வரிசையில் 1956இல் பேசிய எர்ன்ஸ்ட் காம்ப்ரிச் என்பவர் கூறிய ஒன்று இங்கு மிகவும் பயன்படும். ஓர் உருவத்தைப் பார்க்கும் கண் வெறுமையாக வருவதில்லை. தான் முன்பே அறிந்ததையும் எதிர்பார்ப்பதையும் கூடவே கொண்டு வருகிறது. ஆகவே காட்சியில் காண்பவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அவர் கருத்து. மேனாட்டுச் சித்திரங்களை மனத்தில் வைத்து அவர் கூறினார். வீதியில் பெருமாளை ஸேவிக்கும் அடியவனிடத்தில் அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. பட்டு மறைத்ததை அவன் நெஞ்சு நிரப்பிக்கொள்கிறது.

இனி, 2016ஆம் ஆண்டின் சொற்பொழிவுகளுக்கு வருவோம். அவற்றை நிகழ்த்தியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியக் கலை வரலாறு கற்பித்த பேராசிரியை வித்யா தெஹேஜியா. இவர் வைஷ்ணவர்களுக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். ஆண்டாளின் திருப்பாவையையும் நாச்சியார் திருமொழியையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1990இல் நூலாக வெளியிட்டவர். அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் தேதி தொடங்கி மே 8ஆம் தேதி வரை ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பற்றி அவர் பேசினார். 'என் உள்ளத்தைக் கவர்ந்த திருடன்' என்பது வரிசைக்கு அவர் இட்ட பெயரின் பொருள். சம்பந்தர் தேவாரத்திலிருந்து எடுத்த பெயர் அது. எடுத்த பொருளும் பெரும்பாலும் சிவாலயத் திருமேனிகளைப் பற்றியதே. எனினும் விக்ரஹம் வார்க்கும் முறையிலும் புறப்பாட்டு முறையிலும் இரு ஸமயத்தார்க்கும் பொதுவானவை பல உள்ளமையால், கூறியவை பெருமாள் கோயில்களுக்கும் பெரும்பாலும் ஒக்கும்.

முதல் ஞாயிறன்று அவர் எடுத்தது புறப்பாடு. அருங்காட்சியகத்துக்கு வருபவர் பீடத்தின் பக்கங்களில் உள்ள துளைகளையும் வளையங்களையும் கவனியாமல் திருமுகத்தின் அழகையே பார்த்துச் செல்வர். தண்டுகளைச் செலுத்தித் தோளில் எழுந்தருளப் பண்ணுவதற்காக அமைந்தவை அவை. ஆகவே இத்திருமேனிகள் ஓரிடத்தில் நிற்பதற்காக அன்று, நடப்பதற்காக உண்டானவை. நம் ஊர்ச் சிறுவனுக்கும் தெரிந்த இச்செய்தி அந்த மண்டபத்தில் இருந்த பலருக்குப் புதிது. நடக்கும் தெய்வத்தை நிற்கும் சிலையாகவே அவர்கள் அதுவரை கண்டிருந்தனர். அன்றியும், கோயிலில் இத்திருமேனி பட்டாலும் மலராலும் மூடப்பட்டே ஸேவை ஸாதிக்கும் என்பதையும், பேழைக்குள் தெரியும் தோள், இடை, முதுகு ஆகியவற்றைப் பெரும்பாலான பக்தர்கள் கண்டதே இல்லை என்பதையும் அவர் எடுத்துரைத்தார்.

அப்படியாயின், யாரும் காணாத முதுகையும் இடையையும் சில்பி ஏன் அவ்வளவு நுட்பமாகச் செய்தான் என்ற கேள்வி எழும். கலை வரலாற்றார் இதைப் பலவாறு ஆராய்வர். ஆகம வழியில் நிற்பவர்க்கு விடை எளிது. பிம்பம் ஸர்வாங்க ஸம்பூர்ணமாக இருந்தாலன்றி ப்ரதிஷ்டைக்குத் தகுதி பெறாது. காண்பார் உண்டா இல்லையா என்பது கணக்கில் வருவதில்லை. மெழுகில் முதலில் உருவம் செய்து, களிமண் பூசி, சூட்டினால் மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பது முறை. இதனை மதூச்சிஷ்ட விதானம் என்பர். அச்சை உடைத்தே திருமேனியை எடுக்க வேண்டுமாகையால் ஓர் அச்சில் ஒரு திருமேனியே உண்டாகும். ஹாரமும் கேயூரமும் யஜ்ஞோபவீதமும் திருவரையில் சாற்றிய ஆடையின் மடிப்பும் மெழுகிலேயே அமைந்துவிடுகின்றன. ஆகவே பட்டு களைந்த திருமேனியை ஆடையற்றது என்று சிலர் எழுதுவது பொருந்தாது. சில்பி சாற்றிய ஆடை ஒருபோதும் களையப்படுவதில்லை.

இரண்டாம் ஞாயிறு சோழப் பேரரசின் தொடக்கப் போர்களைத் திரிபுராந்தக வடிவத்தோடு பொருத்திப் பேசியது. அரசியல் வரலாறு மிகுந்த அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. மூன்றாவது, கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் தாயாருமான செம்பியன் மாதேவியாரைப் பற்றியது. கணவரை இழந்த பின் நெடுங்காலம் வாழ்ந்து, செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கிய அப்பெருமாட்டியின் திருவுருவம் என்று பலர் கருதும் ஒரு செப்புத் திருமேனி, சொற்பொழிவு நடந்த அதே நகரில், ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ளது. சொற்பொழிவு மண்டபத்திலிருந்து அக்கலைக்கூடம் சிறிது தூரத்தில்தான் உள்ளது. 

நான்காம் ஞாயிறன்று முத்துக்கள் வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழரும் அவர் குடும்பத்தாரும் பரிவாரத்தாரும் அளித்த திருமேனிகளும் ஆபரணங்களும் கல்வெட்டில் வரிவரியாகப் பதிவாகியுள்ளன. திருமேனி இத்தனை முழம், இத்தனை விரல் உயரம்; திருக்கைகள் இத்தனை; பீடம் இவ்வளவு, ப்ரபை இவ்வளவு என்று ஒவ்வொன்றும் அளந்து எழுதப்பட்டுள்ளது. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல், ஆபரணங்களை நிறுக்கத் தக்ஷிணமேரு விடங்கன் என்னும் கல் என எடைக்கற்களுக்கும் இறைவன் பெயரே வழங்கிற்று. முத்துக்களை எண்ணியதோடு அமையாமல், வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று அவற்றின் ஜாதிகளையும் பிரித்து எழுதினர். நகையின் எடையில் உள்ளிருக்கும் அரக்கு சேர்ந்ததா இல்லையா என்றும் குறித்தனர். இன்று ஏதேனும் ஒரு பதிவேட்டில் 'உத்ஸவர், செம்பு, 1' என்று மட்டும் எழுதியிருக்குமானால், 1,000 ஆண்டுகளுக்கு முன் உளி கொண்டு எழுதிய கணக்கர் அதைக் கண்டு என்ன நினைப்பார்?

இக்கல்வெட்டுக்கள் யாவும் பலகாலமாக அச்சில் உள்ளவையே. அவற்றை விக்ரஹத்தின் அருகே வைத்துப் படித்ததுதான் சொற்பொழிவாளரின் சிறப்பு. அருங்காட்சியகத்தில் உள்ள திருமேனிக்கு நகையில்லை. கல்வெட்டில் உள்ள நகைக்கு இன்று உருவமில்லை. இரண்டையும் சேர்த்தபோது, சோழர் காலத்தில் ஒரு திருமேனி புறப்பாடு கண்டருளிய கோலம் கேட்டவர்களின் மனக்கண் முன் எழுந்தது. திருவாபரணங்களை ஒவ்வொன்றாகச் சாற்றும் அர்ச்சகரின் கைங்கர்யத்தை அவர் சொற்களால் செய்தார் என்று கூறினால் அது மிகையாகாது.

ஐந்தாம் ஞாயிறின் பொருள் வினோதமானது. இவ்வளவு செம்பு எங்கிருந்து வந்தது? பஞ்சலோகம் என்று நாம் சொன்னாலும், பழந்திருமேனிகளைச் சோதித்தவர்கள் அவற்றில் மிகப் பெரும்பகுதி செம்பே என்று கண்டனர். ஈயமும் வெள்ளீயமும் சிறிதளவு உண்டு. பொன்னும் வெள்ளியும் இருந்தால் மிகச் சொற்பமே. கல்வெட்டுக்களும் 'செப்புத் திருமேனி' என்றே கூறுகின்றன. காவிரி நாட்டிலோ செம்புச் சுரங்கம் இல்லை. இலங்கையிலிருந்து அச்செம்பு வந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. திருகோணமலைப் பக்கத்தில் ஸேருவில என்னுமிடத்தில் செம்புக் கனிமம் உள்ளது. சோழர்கள் இலங்கையின்மீது மீண்டும் மீண்டும் படையெடுத்ததும் வரலாறு. இது முடிந்த முடிபன்று, மேலும் ஆராய்தற்குரியது. ஆனால் எம்பெருமானின் திருமேனிக்கு உபாதானமான உலோகம் எவ்வூரினது என்ற கேள்வியை நம்மவர் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆறாவதும் கடைசியுமான சொற்பொழிவு, 1310–1311இல் மாலிக் காபூரின் படை தெற்கே வந்த காலத்தில் கோயிலார் திருமேனிகளை மண்ணில் புதைத்து மறைத்ததைப் பற்றியது. புதைத்த இடம் அறிந்தவர்கள் சிலரே. அவர்கள் மாண்டார்கள், அல்லது ஊரைவிட்டு ஓடினார்கள். பின் வந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து ஏர்க்காலிலோ கடைக்காலிலோ தட்டுப்பட்டபோது, 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி அவற்றுள் பல அரசுக்குச் சேர்ந்து அருங்காட்சியகம் புகுந்தன. 1011ஆம் ஆண்டில் உண்டான திருவெண்காட்டு ரிஷபவாஹன தேவர் இவ்வாறு மண்ணிலிருந்து வெளிவந்து தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ள பருத்தியூர் ஸ்ரீராமபிரானும் புதையலாகக் கிடைத்தவரே. வில்லைப் பிடிக்கும் பாவனையில் திருக்கை இருக்கிறது, வில் இல்லை.

இந்த ஆறாவது சொற்பொழிவைத் திருவரங்கத்தார் கேட்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பர். 1323இல் மீண்டும் வடக்கேயிருந்து படை வந்தபோது, அழகியமணவாளப் பெருமாளைப் பிள்ளை லோகாசார்யர் முதலானோர் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு காடும் மேடும் கடந்தனர். லோகாசார்யர் ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். பெருமாள் பல ஊர்களில் மறைந்து வாழ்ந்து, திருமலையிலும் நெடுங்காலம் எழுந்தருளியிருந்து, கோபணார்யரின் முயற்சியால் 1371இல் ஆஸ்தானம் திரும்பினார்.

திரும்பியபோது ஒரு ஸங்கடம் நேர்ந்ததாகக் கோயிலொழுகு கூறும். இடைக்காலத்தில் வேறொரு திருமேனி ப்ரதிஷ்டையாகி ஆராதனம் கண்டருளிக் கொண்டிருந்தது. வந்தவரே பழையவர் என்று உறுதி கூற, அவரை முன்பு ஸேவித்தவர் எவரும் உயிரோடு இல்லை. கண்ணால் அறிய வழியில்லை. அப்போது, பெருமாளின் ஈர வஸ்திரங்களைத் துவைக்கும் கைங்கர்யத்தில் இருந்த, பார்வையிழந்த முதியவரான ஈரங்கொல்லி ஒருவர் முன்வந்தார். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து ஈர வாடைகளைக் கொடுக்க, அவற்றைப் பிழிந்த தீர்த்தத்தை உட்கொண்டு, இவரே நம்பெருமாள் என்று அவர் அறுதியிட்டார். அன்று முதல் அத்திருநாமமே நிலைத்தது. இடைக்காலத்தில் ஆராதிக்கப்பெற்றவரை யாரும் அகற்றிவிடவில்லை. திருவரங்கமாளிகையார் என்ற திருநாமத்தோடு அவரும் அங்கேயே எழுந்தருளியிருக்கிறார்.

அருங்காட்சியகத்துச் சொற்பொழிவாளர்களுக்கு அந்த முதியவரின் வழி கிடையாது. அவர்களுக்குக் கண்ணும் கல்வெட்டும் படமுமே ப்ரமாணம். அந்த ப்ரமாணத்தை அற்பம் என்று தள்ளிவிடலாகாது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறலாம்.

தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜத் திருமேனி கள்ளத்தனமாக லண்டனுக்குச் சென்றது. அங்கே நடந்த வழக்கில், அது பத்தூருக்கே உரியது என்று நிறுவ, அவ்வூரில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு அதன் அமைப்பையும் வார்ப்பையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. திரையில் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பேசும் அதே வித்தை நீதிமன்றத்தில் ஸாக்ஷி சொல்லிற்று. தமிழக அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை இயக்குநராக இருந்த டாக்டர் இரா. நாகசாமி ஸாக்ஷியம் அளித்தார். 1991இல் திருமேனி நாடு திரும்பியது.

மற்றது வைஷ்ணவர்களின் நெஞ்சைத் தொடுவது. கும்பகோணத்தை அடுத்த சுந்தரபெருமாள் கோவிலில், ஸௌந்தரராஜப் பெருமாள் ஸந்நிதியைச் சேர்ந்த திருமங்கையாழ்வாரின் செப்புத் திருமேனியை, 1967இல் லண்டன் ஏலத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் வாங்கியது. பாண்டிச்சேரி ப்ரெஞ்சு நிறுவனத்தின் சேகரத்தில் 1957இல் எடுத்த ஒரு புகைப்படம் இருந்தது. அதில் அதே ஆழ்வார் தம் கோயிலில் எழுந்தருளியிருந்தார். ஆராய்ச்சியாளர் ஒருவர் இதனைக் கண்டு 2019இல் அருங்காட்சியகத்துக்குத் தெரிவித்தார். அருங்காட்சியகத்தாரே இந்தியத் தூதரகத்துக்கு எழுதினர். 2024 மார்ச் மாதத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மன்றம் திருமேனியைத் திருப்பித் தர இசைந்தது.

ஆழ்வாரின் சரித்திரத்தை அறிந்தவர்கள் இங்கே சிறிது புன்முறுவல் பூக்கலாம். வழிப்பறி செய்து பாகவத ததீயாராதனம் நடத்தியவர் அவர். நாகப்பட்டினத்துப் பொன் விக்ரஹத்தைக் கவர்ந்து திருவரங்கத்துத் திருமதிலுக்கு ஆக்கினார் என்றும் குருபரம்பரை கூறும். திருட்டுப்போன விக்ரஹங்களைப் பற்றிப் பேசுமிடத்தில் இதை மறைத்துப் பேசுவது முறையாகாது. ஆனால் ஆழ்வார் தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை, ஏலமும் போடவில்லை.

ஆழ்வார் கடல் கடந்தபின் அவர் இடத்தில் ஒரு மாற்று உருவம் வைக்கப்பட்டிருந்ததாகச் சிலைத் திருட்டுத் தடுப்புக் காவல் பிரிவினர் கூறினர். அவ்வூரார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அம்மாற்றுருவத்தின் முன்னே நின்று ஸேவித்தனர். பட்டும் மாலையும் அதற்கே சாற்றப்பட்டன. ஆக்ஸ்ஃபோர்டுப் பேழையிலோ மூலத் திருமேனி ஒரு மாலையும் இன்றி நின்றது. அதன் உயரமும் நூற்றாண்டும் உலோகமும் அட்டையில் எழுதப்பட்டிருந்தன. இவ்விரண்டில் ஆழ்வார் எங்கே இருந்தார் என்று எந்தச் சொற்பொழிவாளரும் சொல்ல முன்வரமாட்டார்; அது அவர் சாஸ்த்ரத்துக்கு அப்பாற்பட்டது. திருவரங்கத்தில் நம்பெருமாளுக்கு அருகிலேயே திருவரங்கமாளிகையாருக்கும் திருவாராதனம் இன்றளவும் நடந்து வருகிறது.